விழுவதற்கு மாசம் நாற்பது ரூபாய்

செய்யூரிலிருந்து ஒரு வாசகி இன்லண்ட் லெட்டரில் கோபமாக எழுதியிருக்கிறார். "சாமிக்கு மாலை போடுவதில் கூடவா பொய்? உங்கள் அண்ணன் செய்தது பாவமா புண்ணியமா, அதைச் சொல்லிவிட்டு மேலே கதையை நகர்த்துங்கள்."

அம்மா தாயே, அதைச் சொல்லத்தானே பத்து வருஷம் கழித்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்பத்தெட்டாம் வருஷம். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீடு. அப்பா அரிகிருஷ்ணன், நெல் விளைந்த நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு செங்கல், மணல், ஜல்லிக் கடை வைத்திருந்தார். அம்மா தையல்நாயகி. அண்ணன் குப்புராஜ், கடை லாரி ஓட்டுபவன். நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட், ஞாயிறு தவறாமல் பிரியாணி, சாயங்காலமானால் கூட்டாளிகளோடு தண்ணி. நான் காந்திமதி. இருபத்து மூன்று வயசு, கிண்டியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் டைப்பிஸ்ட். வீட்டுக்குத் தெரியாமல் அனகாபுத்தூரில் நிஞ்சுட்சு, அதாவது நிஞ்சா வித்தை, கற்றுக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். அப்போது அது ஊருக்கே வந்த ஜுரம். வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, கண் மட்டும் தெரியக் கறுப்புத் துணி கட்டிய ஆட்கள் கூரை மேல் ஓடுவதைத் தெருவே கூடிப் பார்த்த காலம். தாம்பரம் ஸ்டேஷன் சுவரில் கராத்தே நோட்டீஸ், அதன் மேல் குங்ஃபூ நோட்டீஸ், அதற்கும் மேல் நிஞ்சா நோட்டீஸ்.

நான் சேர்ந்தது ஜுரத்தில் இல்லை. நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருத்தன் குரோம்பேட்டை ரயில்வே கேட்டிலிருந்து எங்கள் தெருமுனை வரை தினமும் பின்னாலேயே வந்தான். அப்பாவிடம் சொன்னால் அவனை நிறுத்த மாட்டார், என் வேலையைத்தான் நிறுத்துவார். அதனால் சேர்ந்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் ஒளித்துக் காயப் போட்ட கறுப்புச் சட்டையையும் நாடா வைத்த பேண்டையும் அம்மா கையில் எடுத்துக்கொண்டு கூடத்தில் வந்து நின்றாள். "யாருதுடி இது?" அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.  நான் எங்கே போகிறேன் என்று வீட்டில் தெரிந்த ஒரே ஆளான அண்ணன், வாயில் இட்லியோடு, "என்துதாம்மா. மலைக்கு மாலை போடலாம்னு" என்றான்.

அம்மா அழுதேவிட்டாள். அன்று சாயங்காலமே அவன் கழுத்தில் மாலை ஏறிவிட்டது.

இன்னொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி பிறந்த வாரம் அந்தக் கட்டம் போட்ட சட்டை கேட்டுப் பக்கத்தில் என் கைப்பையைப் பிடித்து இழுத்தான். நான் விழுந்தேன், ஜல்லியில் உருண்டேன், எழுந்து ஓடி வந்துவிட்டேன். பை பிழைத்தது. உள்ளே இருந்த ரயில் பாஸ் மட்டும் எங்கேயோ போய்விட்டது. அதை அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

இப்போது கதைக்கு வருவோம். மார்கழிக் கடைசி ஞாயிறு. சாயங்காலம் அண்ணனுக்கு இருமுடி கட்டு.

*

விடியற்காலை பனியில் அண்ணன் கிணற்றடியில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு "சாமியே" என்று நடுங்கினான். நாற்பத்து நாலாவது நாள். எருமை, தடிமாடு என்று கூப்பிட்டுப் பழகிய அம்மா, "சாமி, துண்டு எடுத்துக்கிட்டீங்களா சாமி?" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பும் வரும், மனசும் உறுத்தும்.

அண்ணன் அறையில் அவனுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் கறுப்பு உடுப்பு அதில்தான் இருக்கும். போன ஞாயிறு வியர்வையும் மண்ணுமாகத் திணித்துவிட்டுப் போனதை யாரோ துவைத்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அண்ணன்தான். வாரா வாரம் இப்படித்தான். விரதம் இருப்பவன் தங்கச்சி துணியைத் துவைத்துப் போடுகிறானே என்று நினைத்தால் அவனை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அண்ணன் ஈரத் தலையோடு உள்ளே வந்தான். "இன்னாடி மாளிகைப்புறம், இன்னிக்கு இன்னா பாடம்?"

"மாலை போட்டவங்க 'டி' போடக் கூடாது."

"சாமி மன்னிப்பாரு. சொல்லு, இன்னா பாடம்?"

"பின்னால விழறது முடிஞ்சுது. இன்னிக்கு பக்கவாட்டுல விழறது."

"மூணு மாசமா விழறே. விழறதுக்கு மாசம் நாப்பது ரூபா! என்கிட்ட வந்திருந்தா ஓசியிலயே தள்ளி வுட்டிருப்பேனே. பேசாம கராத்தே போயிருந்தா இந்நேரம் பச்ச பெல்ட்டு. ஓடு உடைப்பே, சர்ட்டிபிகேட்டு குடுப்பாங்க, பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி ரெண்டு ஓட்டை உடைச்சுக் காட்டலாம்."

"அண்ணா, விளையாடாதே. சாயங்காலம் அரிசி போடறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன்."

அவன் துவட்டுவதை நிறுத்தினான்.

"சொல்லிட்டு? நாளைக்கே அப்பா உன்னை வூட்டுல குந்த வெச்சிடுவாரு. வேலைக்கு முழுக்கு. தை பொறந்ததும் சிங்கப்பெருமாள் கோவில்லேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்களே, அவங்க கையில தாம்பூலத்தைக் குடுத்து உன்னை ஏத்தி அனுப்பிடுவாரு. அதுக்கா நான் நாப்பத்து நாலு நாளா வெறுங்கால்ல லாரி கிளச்சை மிதிச்சேன்?"

"பொய்யில போட்ட மாலைண்ணா அது."

"போட்டது பொய்யி. இருந்தது நெஜந்தானே?" என்றான். பிறகு பேச்சை மாற்றி, "சீக்கிரம் போய் விழுந்துட்டு வா. மத்தியானம் வடைக்கு அரைக்கணும்னு அம்மா தேடுவாங்க" என்றான்.

செய்யூர் வாசகிக்கு என்னிடம் இருக்கிற பதில் அது ஒன்றுதான். பாவமா புண்ணியமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் காலில் இருந்த பித்தவெடிப்பு மட்டும் தெரியும்.

*

"யூனிஸ் வீட்டுக்கு ஷார்ட்ஹேண்ட் பிராக்டிஸ்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். பம்மலில் யூனிஸ் வீட்டில் உடுப்பு மாற்றி, மேலே ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு இருவரும் அனகாபுத்தூர் போனோம். யூனிஸ் நர்ஸ். நைட் டியூட்டி முடித்து வந்த கண்ணோடு அவள் சைக்கிள் மிதிப்பதைப் பார்த்தால் எதிரே வருகிறவன் தானாக ஒதுங்குவான்.

ஆற்றோரச் சந்துக்குள் ஒரு பழைய தறிக் கொட்டகை. தறியைக் கழற்றிவிட்டார்கள், தறிக்குழிகளைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். கழிவு நூலைத் திணித்துத் தைத்த சாக்குகள்தான் எங்களுக்கு மெத்தை. விழுந்து எழுந்தால் தலையெல்லாம் கலர் கலராக நூல் பிசிறு. அந்த வாசனை, பழைய நூலும் கஞ்சிப் பசையும் ஆற்று ஈரமும் கலந்த அந்த வாசனை, இன்றைக்கும் ஏதாவது ஜவுளிக் கடையில் திடீரென்று வரும். அப்போது சேலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர், "என்ன, விலை கேட்டதும் ஷாக்காயிட்டியா?" என்பார்.

மாஸ்டர் ஜெபராஜுக்கு என்னைவிட நாலு வயசுதான் கூட. ஏ.சி. மெக்கானிக். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தபோது ரூம் மேட்டிடம் மூன்று வருஷம் கற்றுக்கொண்டு வந்தவர். ஆரம்பத்தில் முப்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். வந்த முதல் வாரமே நட்சத்திரத் தகடு எப்போ எறியலாம், புகைக் குண்டு எப்போ போடலாம், எப்போ மறையலாம் என்று கேட்டார்கள். மாஸ்டர் எல்லாரையும் விழச் சொன்னார். மாசக் கடைசியில் அவர்களே மறைந்துவிட்டார்கள்.

மிச்சம் மூன்று பேர். நான், யூனிஸ், ஸ்ரீரங்கன் சார். சாருக்கு நாற்பத்திரண்டு வயசு, பேங்க் கேஷியர், தொந்தி உண்டு.

அன்று மாஸ்டர் பாடம் எடுக்கவில்லை. சாக்கு மேல் உட்கார்ந்தார்.

"கொட்டாய்க்காரரு தை ஒண்ணாம் தேதி காலி பண்ணச் சொல்றாரு. குறைஞ்சது அஞ்சு பேராவது இருந்தா வாடகை கட்டி நடத்திடுவேன். மூணு பேர வெச்சிக்கினு இன்னா பண்றது? அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், மனசுல பட்டதைச் சொல்லுங்கோ. இந்த வித்தை இந்தக் காலத்துக்குத் தேவையா? எனக்கே டவுட்டா கீது. கோட்டை மதில் ஏறின காலத்து வித்தை. இங்க கோட்டையும் இல்ல, மதிலும் இல்ல. முனிசிபாலிட்டி சுவருதான் கீது."

ஸ்ரீரங்கன் சார் சிரித்தார். "நான் தெனம் அவசரத்துல ஓடற வண்டியிலேர்ந்து குதிக்கிறவன் சார். ரெண்டு தடவை பிளாட்பாரத்துல மூக்கு உடைஞ்சிருக்கு. போன மாசம் மறுபடி விழுந்தேன். எழுந்து, வேட்டியைத் தட்டிண்டு, பஜ்ஜி வாங்கிண்டு ஆத்துக்குப் போனேன். எனக்கு மதிலெல்லாம் வேண்டாம்."

யூனிஸ் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னாள். "வார்டுல குடிச்சிட்டு வர்றவங்க கையைப் பிடிச்சுக்குவாங்க மாஸ்டர். திருப்பி அடிக்க முடியுமா? பேஷண்ட் ஆச்சே. பிடியிலேர்ந்து கையை உருவத் தெரிஞ்சா போதும். கராத்தேல முதல்ல குத்தத்தானே சொல்லித் தர்றாங்க? நான் குத்தினா என் வேலை போயிடும்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். கேட்டுப் பக்கத்தில் நடந்ததை முதல் தடவையாக வாய் விட்டுச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமும் கோபமும் பொங்கி வந்தது.

"ஒரு அடிகூட அடிக்கல மாஸ்டர். ஓடி வந்துட்டேன். மூணு மாசம் கத்துக்கிட்டு, கோழை மாதிரி ஓடி வந்துட்டேன்."

"கை கால் உடைஞ்சுதா சிஸ்டர்?"

"இல்ல."

"வூட்டுக்கு முழுசாப் போய்ச் சேர்ந்தீங்களா?"

"சேர்ந்தேன்."

"அப்புறம் இன்னா? இதுல போட்டியும் கெடையாது, கப்பும் கெடையாது. முழுசா வூடு போய்ச் சேர்ந்தவன்தான் ஜெயிச்சவன். அடிக்கணும்னு ஆசை இருந்தா கராத்தே நல்ல வித்தை, தாராளமாப் போங்கோ, நானே அட்ரஸ் தர்றேன்." கொஞ்ச நேரம் நூல் பிசிறைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆனா அதைச் சொன்னா எவன் நாப்பது ரூபா குடுப்பான்?" என்றார்.

 எழுந்து பக்கவாட்டில் விழுந்தோம். கொட்டகையை விட்டுக் கிளம்பும்போது, இதுதான் கடைசி ஞாயிறோ என்று திரும்பிப் பார்த்தேன். மாஸ்டர் சாக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

*

மத்தியானம் வீடு முழுக்க நெய் வாசனை. வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பையோடு அண்ணன் அறைக்குள் நழுவினேன். அவன் பயணத்துக்குப் பை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நீ மலைக்குப் போயிட்டா இதை யாரு துவைக்கிறது?" என்று உடுப்பை நீட்டினேன்.

"வழக்கமா எங்க துவைக்கிறியோ அங்கயே துவை."

"நான் எங்க துவைச்சேன்? நீதானே துவைச்சு மடிச்சு வெக்கிறே?"

"நானா?" அண்ணன் நிமிர்ந்தான். "என் வேட்டியையே அம்மாதான் துவைக்கிறாங்க. நீ வந்து எடுத்துத் துவைச்சு வெக்கிறேன்னுல்ல நான் நெனச்சுக்கினு கீறேன்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் மெதுவாக அந்தப் பேண்டை வாங்கித் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தான். நான் அஞ்சடி, அவன் ஆறடி. பேண்ட் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது.

"இதைப் பாத்தா அம்மா என்துன்னு நம்பினாங்க?" என்றான்.

சமையலறையில் அம்மா வடை தட்டும் சத்தம் கேட்டது.  முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நாற்பத்து நாலு நாளாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? எதற்காகக் காத்திருக்கிறாள்? சாயங்காலம் ஊரே கூடியிருக்கும்போது அப்பா முன்னால் கேட்பதற்கா?

"போச்சுடி, பேஜாரு" என்றான் அண்ணன்.

*

பக்தவச்சலம் குருசாமி பல்லாவரத்தில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். பதினெட்டு வருஷம் மலை ஏறியவர். கூடத்தில் கோலம் போட்டு, விளக்கேற்றி, தேங்காய்க் கண்ணைத் திறந்து நெய் ஊற்ற வைத்தார். சரண கோஷத்தில் ஜன்னல் அதிர்ந்தது. அப்பா வந்தவர்களிடமெல்லாம், "என் பையன் சிகரெட்டைக் கையால தொடல சார், நாப்பத்து நாலு நாளு!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

"வீட்டு மனுஷங்க வந்து அரிசி போடுங்க" என்று கூப்பிட்டார் குருசாமி. "மூணு கை. மனசுல எதையும் மறைச்சு வெச்சிக்கினு போடாதீங்க. மூட்டை கனக்கும். தூக்கிக்கினு மலை ஏறப் போறது இந்தக் கன்னிசாமிதான்."

அப்பா போட்டார். அத்தை போட்டாள். என் முறை.

கையில் அரிசியை அள்ளினேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் திறக்கவில்லை. இந்த அரிசியைப் போட்டால் அவன் தலையில் என் பொய்யும் சேர்ந்து ஏறும். சொல்லிவிட்டால் நாளையிலிருந்து எனக்குக் கிண்டி இல்லை, ரயில் இல்லை, ஒன்றும் இல்லை. கூடத்தில் எல்லாரும் பார்த்தார்கள். அப்பா, "இன்னாம்மா, போடு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். "அப்பா..."

பக்கத்தில் நின்ற அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். குனிந்து, சரண கோஷத்துக்கு நடுவில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நாடா இத்துப்போயிருந்துது. போன வாரமே புதுசு கோத்துட்டேன். நீ பாக்கலியா? அரிசியைப் போடு."

என் கை தானாகத் திறந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு, "தங்கச்சிக்கு அண்ணன் மேல என்னா பாசம் பாருங்க" என்றாள் அத்தை. அவள் சொன்னதும் தப்பில்லை.

அண்ணன் இருமுடியைத் தலையில் ஏற்றிக்கொண்டான். வாசலில் தேங்காய் உடைத்தான். போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பாமலே வேனில் ஏறினான். அந்த வெடித்த குதிகால் இரண்டும் படியில் ஏறி உள்ளே போனதுதான் அன்று நான் கடைசியாகப் பார்த்தது.

*

கூட்டம் கலைந்தது. அப்பா வாசலில் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பின்கட்டு அறைக்குக் கூப்பிட்டாள்.

"மொத நாளே தெரியும்டி. உங்க அப்பாதான் அளவு தெரியாத மனுஷன், ஜல்லியைத் தவிர. அந்தப் பேண்ட்டு அவன் காலுக்கு எந்த ஊர்ல பத்தும்?"

"அப்போ ஏம்மா கேக்கல?"

"கேட்டா அவரு காதுல விழும், உன் வேலை போவும். அது ஒண்ணு. இன்னொண்ணு, அவன் வாயாலயே மாலை போடறேன்னு சொல்லிட்டான். பன்னண்டு வருஷமா கோயில் கோயிலா ஏறி எறங்கி அந்தச் சிகரெட்டை நிறுத்துப்பான்னு வேண்டிக்கினேன். எந்தச் சாமியும் செய்யாததை ஒரு பேண்ட்டு செஞ்சுது. கைக்கு வந்ததை வுட்டுடுவேனா? சாமியை ஏமாத்தினது நீயுமில்ல, அவனுமில்ல. நான்தான். நான் பேசிக்கிறேன் அந்தச் சாமிகிட்ட."

நான் அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதேன். அழுகையோடு கேட்டுப் பக்கத்தில் நடந்ததையும் கொட்டிவிட்டேன். அம்மா கத்தவில்லை. என் முழங்கையில் ஆறிப்போன சிராய்ப்பைத் தடவினாள். அதையும் அவள் முன்பே பார்த்துவிட்டிருக்கிறாள்.

"ஜல்லியில விழுந்து எப்படிடி எழுந்து ஓடினே?"

"விழத்தாம்மா சொல்லித் தர்றாங்க. எழுந்துக்கறது தானா வரும்."

அம்மா சிராய்ப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு வலது கையைத் தூக்க முயன்றாள். தோளுக்கு மேல் அது போகவில்லை.

"ஐப்பசியில பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தேன். கையை ஊணிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்வீங்க, அடுப்பை யாரு பாக்கறது? அதுலேர்ந்து பாத்ரூம் போனாலே பயமா கீதுடி. செவுத்தைப் பிடிச்சிக்கினுதான் போறேன்."

ஒரே கையால்தான் என் உடுப்பைப் பிழிந்திருக்கிறாள், வாரா வாரம். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் முழுக்க என் மேல்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, கொட்டகையில் மூன்று மாசம் சத்தம் போடாமல் நடக்கவும் கவனித்துப் பார்க்கவும் கற்றுக்கொண்டு, பெற்றவள் கை தூக்கவில்லை என்பதைப் பார்க்கத் தெரியவில்லை.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

"போலாம். அதுக்கு முன்னாடி கதவைத் தாழ்ப்பாள் போடு" என்றாள் அம்மா. எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். இலவம் பஞ்சு மெத்தையைக் காலால் இழுத்துத் தரையில் போட்டாள். "எங்க, எப்படி வுழறது? சொல்லு."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"குந்தும்மா. வலிக்கிற கையை மடிச்சு நெஞ்சுல வெச்சுக்கோ. தாடையை உள்ள இழுத்துக்கோ. கையை மட்டும் ஊணவே கூடாது. மூச்சை வுட்டுட்டு, அப்படியே பின்னால உருளு."

"மானம் போவுது" என்றாள். உருண்டாள். ஐம்பத்திரண்டு வயசு அம்மா, மெத்தை மேல் மல்லாந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மூன்று பேர் என்று மாஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. நாலு, என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டேன்.

வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. சந்தோஷமான குரல்.

"காந்தி! உன் ரயில் பாஸு தொலைஞ்சு போச்சா? சொல்லவே இல்லியே! கேட்டாண்ட கெடந்துதாம். அட்ரஸைப் பாத்து வூடு தேடிக்கினு எடுத்தாந்திருக்காரு. நல்ல மனுஷன். உள்ள குந்த வெச்சிருக்கேன். ஒரு காபி போட்டு எடுத்தா."

கூடத்தைப் பார்த்த ஜன்னல் கதவை நான் ஒரு விரல் அளவு திறந்தேன். கூடத்தில், சற்று முன்பு அண்ணன் உட்கார்ந்திருந்த பாய்க்குப் பக்கத்து நாற்காலியில், நீலக் கட்டம் போட்ட சட்டை.

அம்மா எழுந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அவனா?" என்றாள்.

தலையாட்டினேன்.

அம்மா செருகலை அவிழ்த்துச் சேலையைச் சரி செய்தாள். கலைந்த தலையை ஒரே கையால் கோதிக்கொண்டாள். "நீ இங்கயே இரு. காபி நான் எடுத்துக்கினு போறேன்" என்று தாழ்ப்பாளை விலக்கினாள்.

எங்கள் வீட்டுச் சிமெண்ட் தரையில் அம்மா நடந்தால் மெட்டிச் சத்தம் அடுக்களையிலிருந்து வாசல் வரை கேட்கும். நான் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். அன்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அம்மா காபியோடு அவனை நெருங்குவது ஜன்னல் இடுக்கில் தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.